கடனிறுக்க வகையின்மையும் கடன் இணக்கமும்: திருகோணமலைத் துறைமுகப் பகுதியை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் கோணேசர் ஆலயத்தையோ, கோட்டையையோ, துறைமுகத்துக்காக ஐரோப்பியர் பொருத போர்களையோ முன்வைத்தே எழுதியுள்ளனர். அது இயல்பே. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் அதனைக் கைப்பற்றிய காலந்தொட்டு, 1957இல் கடற்படைத் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்படும் வரை, அத்துறைமுகத்தின் பெயர் உலக அரசியலிலே அடிபட்டு வந்தது. ஆயினும் துறைமுகத்தை அண்டிப் பிழைத்த மக்களின் வாழ்வைக் கப்பல்களின் வருகையைக் கொண்டு மட்டும் அறிந்துவிட இயலாது. அவர்தம் கடன்களைக் கொண்டு அறிய வேண்டிய பகுதி ஒன்றுண்டு. பட்ட கடனை இறுக்க முடியாத நிலை வந்தபோது அவர்களுக்குச் சட்டம் எவ்வழிகளைத் திறந்து வைத்தது, அவற்றுள் ஒன்றில் மட்டுமே அவர்கள் ஏன் மீண்டும் மீண்டும் சென்றனர் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

கடன் முற்றியவனுக்கு எக்காலத்தும் இரண்டு வழிகளே இருந்து வந்துள்ளன. ஒன்று, கடன் கொடுத்தவனோடு பேசித் தொகையைக் குறைத்தோ தவணையை நீட்டியோ தீர்த்துக்கொள்வது. இதனை இணக்கம் என்போம். மற்றையது, தன்னிடம் உள்ளதையெல்லாம் பொதுவில் ஒப்புவித்து, ‘இதற்குமேல் என்னால் இயலாது’ என நீதிமன்றத்தின் முன் அறிவித்து விடுதலை பெறுவது. இலங்கைச் சட்டத் தமிழில் இதற்குக் கடனிறுக்க வகையின்மை என்று பெயர். பேச்சு வழக்கில் வங்குரோத்து என்கிறோம். தமிழகத்தில் இதே செயல் ‘மஞ்சள் கடுதாசி கொடுத்தல்’ எனப்படும். திவால் என்ற வடநாட்டுச் சொல்லும் அங்கு வழங்குகிறது. தமிழில் இதற்கெனத் தொன்றுதொட்டு வந்த சொல் ‘நொடித்துப் போதல்’ ஒன்றே. அச்சொல்லோ வீழ்ச்சியைக் குறிக்கிறதேயன்றி, வீழ்ந்தவன் மீண்டும் எழுவதற்கான முறை எதனையும் குறிக்கவில்லை. இஃது ஒரு சொல்லாராய்ச்சிக் குறிப்பாக மட்டும் நின்றுவிடுவதன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

துறைமுகப் பட்டினத்துக் கடன் வேளாண் கிராமத்துக் கடனின்று வேறுபட்டது. உழவன் கடனுக்கு அறுவடை என்று ஓர் எல்லை உண்டு. நெல் வந்தால் ஓரளவேனும் தீரும். துறைமுகத் தொழிலாளியின் வருமானமோ கப்பல் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. ஆகவே பலசரக்குக் கடையில் பற்றுக் கொப்பி ஒன்று எப்போதும் திறந்தபடியே இருக்கும். கரைவலை இழுப்போரின் நிலை இன்னும் கடினமானது. பருவம் தொடங்குமுன் சம்மாட்டியிடம் முற்பணம் பெறுவர். மீன் பாட்டில் வரும் பங்கு அம்முற்பணத்துக்கே கழியும்; மழைக்காலத்தில் வடகீழ்ப் பருவக்காற்று கடலை மூடிவிட, மறுபடியும் முற்பணம் வாங்க வேண்டிவரும். இக்கடன் ஒருவனை ஒரு முதலாளியோடு கட்டிவைக்கும் கயிறாகவே அமைந்தது. இது தீர்வதைக் கொடுத்தவனும் விரும்பமாட்டான் என்பதே இதன் இயல்பு.

இத்தகைய கட்டுக்குப் பழந்தமிழ் நாட்டிலே கண்கூடான வடிவம் ஒன்று இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக் கரைக்கும் இலங்கைக்கும் வந்த வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ அதனை விவரித்துள்ளார். பலமுறை கேட்டும் கடனைத் தராது காலங்கடத்துபவனைக் கடன் கொடுத்தவன் வழியிலே கண்டால், அவனைச் சுற்றி நிலத்தில் ஒரு வட்டம் கீறிவிடுவான். கடனைத் தீர்த்தோ தக்க ஈடு கொடுத்தோ அல்லாது அவ்வட்டத்தை விட்டு அவன் வெளியேறுவானாயின் மரண தண்டனைக்குரியவன் ஆவான். அந்நாட்டு மன்னனையே, தரவேண்டிய பணத்தைத் தாராது இழுத்தடித்தமைக்காக, அயல்நாட்டு வணிகன் ஒருவன் குதிரைமேலிருந்த நிலையில் சுற்றி வட்டமிட்டான் என்றும், பணம் தீரும்வரை மன்னன் அசையாது நின்றான் என்றும், அதனைத் தாம் நேரிற் கண்டதாகவும் போலோ கூறுகின்றார். மன்னனும் குடிமகனும் ஒரே கோட்டுக்குக் கட்டுப்பட்டனர் என்பது இக்கதையின் சிறப்பு. ஆனால் வட்டத்துக்குள் நிற்பவனுக்கு இறுத்தல் அல்லது இணங்கல் என்ற வழியன்றி வேறு வழி இருந்ததாகத் தோன்றவில்லை. இயலாமையை அறிவித்து விடுதலை பெறும் எண்ணமே அவ்வழக்கத்தில் இல்லை.

அவ்வெண்ணம் இந்நாட்டுக்கு ஒல்லாந்தரோடு வந்தது. அவர்கள் கொணர்ந்த உரோம ஒல்லாந்தச் சட்டத்தில் சொத்துக் கையளிப்பு என்ற முறை இருந்தது. கடனாளி தன் உடைமை முழுவதையும் கடன் கொடுத்தோரிடம் ஒப்படைத்தால் சிறைவாசத்தினின்று தப்பலாம். ஆனால் கடன் ஒழியாது. பிற்காலத்தில் அவன் பொருளீட்டினால் எஞ்சிய பாக்கியை மீண்டும் கேட்கலாம். உடல் மட்டும் விடுதலை பெறும், பெயர் விடுதலை பெறாது என்று இதனைக் கூறலாம்.

கடன் முழுவதையும் துடைத்தெறியும் வங்குரோத்து முறை பிரித்தானியரின் வணிக உலகில் வளர்ந்தது. அதன் பயனை எடுத்துக்காட்டத் திருகோணமலையிலேயே ஒரு கல்லறை உண்டு. நகரின் பழைய ஆங்கிலேய மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டவர்களுள் ஒருவர் கடற்படைத் தளபதி சாள்ஸ் ஒஸ்ரின். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் இளைய சகோதரர் இவர். 1852ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் பர்மாப் போரின்போது ஐராவதி ஆற்றிலே நோயுற்று இறந்தவரின் உடல் திருகோணமலைக்குக் கொண்டுவரப்பட்டது. இவருடைய தமையன் ஹென்றி ஒஸ்ரின் இலண்டனில் வங்கி நடத்தியவர். நெப்போலியப் போர்கள் ஓய்ந்ததை அடுத்து வந்த மந்தத்தில் அவ்வங்கி முறிந்தது. 1816 மார்ச்சில் ஹென்றி வங்குரோத்தானவர் என அறிவிக்கப்பட்டார். ஹென்றி வகித்த வரி சேகரிப்புப் பதவிக்குப் பிணை நின்ற மற்றொரு சகோதரர் எட்வேர்ட் 20,000 பவுணும், தாய்மாமன் 10,000 பவுணும் இழந்தனர் என்பர். குடும்பத்துக்கு அது பேரிடி. ஆனால் அதே ஆண்டின் இறுதிக்குள் ஹென்றி திருச்சபைக் குருத்துவத்திற் சேர்ந்து, சோட்டன் என்ற ஊரிலே புதுவாழ்வு தொடங்கிவிட்டார். சகோதரியின் இறுதி நாவல்கள் அவள் மறைவின்பின் வெளிவர முயன்றவரும் அவரே. நொடித்தவன் எழுந்தான் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. பிணை நின்றோர் இழந்ததை அவர் எழுச்சி ஈடுசெய்யவில்லை என்பதையும் உடன் கூறுதல் நேர்மையாகும்.

சாள்ஸ் இறந்த காலத்தை ஒட்டியே இலங்கையிற் கடன் தொடர்பான இரு கட்டளைச் சட்டங்கள் அடுத்தடுத்துப் பிறந்தன என்பது ஈண்டு நோக்கற்பாலது. 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், எவ்வளவு காலம் கழியினும் அறவிடத்தக்க வட்டி முதலை மிஞ்சலாகாது என்று விதித்தது. மனு நூலும் உரோம ஒல்லாந்தச் சட்டமும் முன்னரே ஒப்புக்கொண்டிருந்த விதியே இது. அடுத்த ஆண்டு வந்த 1853ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே கடனிறுக்க வகையின்மைக் கட்டளைச் சட்டமாகும். 1849இல் இங்கிலாந்தில் இயற்றப்பட்ட வங்குரோத்துச் சட்டத்தை அடியொற்றியது அது.

அச்சட்டத்தின் நடைமுறை சற்று விரித்துரைக்கத் தக்கது. கடனாளி தானாகவே மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். கடன் கொடுத்தோரும் அவனுக்கெதிராக மனுச் செய்யலாம். நீதிமன்றம் அவனைக் கடனிறுக்க வகையற்றவன் எனத் தீர்த்ததும் அறிவித்தல் அரசாங்க வர்த்தமானியில் வெளியாகும். அவனது சொத்துக்களைப் பொறுப்பேற்பவர் ஒருவர் நியமிக்கப்படுவார். கடன் கொடுத்தோர் கூடும் அமர்வுகளிலே கடனாளி தன் கணக்கேடுகளோடு முன்னிலையாகி வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். சொத்து விற்கப்பட்டு விகிதப்படி பங்கிடப்படும். யாவும் ஒழுங்காக நிகழ்ந்தபின் நீதிமன்றம் அவனுக்குச் சான்றிதழ் வழங்கும். அச்சான்றிதழே விடுதலைப் பத்திரம்.

அச்சான்றிதழ் மூன்று வகுப்பினது. தவிர்க்கவியலாத இழப்பாலும் துரதிர்ஷ்டத்தாலும் நொடித்தவனுக்கு முதலாம் வகுப்பு. அவ்வாறன்றி, ஓரளவு தன் குற்றத்தாலும் நொடித்தவனுக்கு இரண்டாம் வகுப்பு. துரதிர்ஷ்டத்தால் நொடித்தான் என்று சொல்லவே இயலாதவனுக்கு மூன்றாம் வகுப்பு. பரீட்சைப் பெறுபேறு போன்ற இத்தரப்படுத்தலை இங்கிலாந்து 1861இலேயே கைவிட்டது. இலங்கைச் சட்டமோ அதனைத் தன்னகத்தே வைத்துக்கொண்டது. ஆக, விடுதலை பெற வந்தவன் தன் வாழ்வொழுக்கத்துக்குப் புள்ளியும் பெற்றுச் செல்ல வேண்டியவனானான்.

திருகோணமலையில் ஒரு மாவட்ட நீதிமன்றம் இருந்தும், துறைமுக மக்கள் இவ்வாயிலைப் பெரிதும் நாடவில்லை. பழைய வர்த்தமானிகளின் வகையின்மை அறிவித்தல்களைப் பார்ப்பவர் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தின் பெயரே திரும்பத் திரும்ப வரக் காண்பர். இதற்கு மானம் ஒன்றையே காரணமாகக் காட்டுவது எளிது. மானமும் ஒரு காரணமே. மகளுக்குச் சம்பந்தம் பேசும் வீட்டில் வர்த்தமானிப் பெயர் ஒரு தடையாக நிற்கும். எனினும் அதனை முதற் காரணமாகக் கொள்ள என் மனம் ஒப்பவில்லை. இச்சட்டம் கணக்கேடு வைத்திருப்பவனை, பங்கிடத்தக்க சொத்துள்ளவனை, சட்டத்தரணிக்குக் கூலி கொடுக்கத்தக்கவனை மனத்திற் கொண்டு வரையப்பட்டது. கடைப் பற்றுக் கொப்பியிலும் சம்மாட்டியின் வாய்க்கணக்கிலும் கடன்பட்டவனுக்கு அது பொருந்தவில்லை. அவன் கடன்பட்டது நாளையும் சோறு போடவேண்டிய கடைக்காரனிடம். அவன் கடனை நீதிமன்றத்திலே துடைத்துவிட்டு மறுநாள் அதே கடையில் அரிசி வாங்கச் செல்ல முடியுமா?

கடனாளியை நீதிமன்றத்தின்பால் தள்ளிய ஒரு விசை சிறை அச்சமாகும். 1869இல் இங்கிலாந்து கடனுக்காகச் சிறையிடுதலைப் பெரும்பாலும் ஒழித்தது. இலங்கையில் 1889ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைக் கோவை தீர்ப்புக் கடனாளியைக் கைது செய்யும் முறையை வைத்திருந்தது. வகையின்மை மனு சிறைக் கதவைத் தடுக்கும் கேடயமாயிற்று. அரசாங்க ஊழியருக்கு மட்டும் தனிக் கேடயம் ஒன்று கிடைத்தது. 1899ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், குறித்த வரம்புக்குட்பட்ட சம்பளம் பெறும் அரசாங்க ஊழியர்மீது அவர் வாங்கிய கைக்கடனுக்காக வழக்குத் தொடரலாகாது என்றது. எழுதுவினைஞர் கடனில் மூழ்கினால் அரச அலுவல் கெடும் என்பதே அதன் உட்கிடை. மீன்பிடிகாரன் கடனில் மூழ்குவதால் அரசாங்கத்துக்கு என்ன கேடு?

இந்நிலையில் துறைமுகத்தின் ஏற்ற இறக்கங்கள் மக்களைத் தாக்கின. 1904, 1905ஆம் ஆண்டுகளில் கடற்படைத் தலைவர் ஜோன் பிஷர் செய்த சிக்கன மறுசீரமைப்பில் திருகோணமலைக் கப்பற் பட்டறை மூடப்பட்டது. பின்னர் எண்ணெய்க் குதங்கள் எழுந்தன. 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்ததும் திருகோணமலை கிழக்குக் கடற்படையின் முக்கிய தளமாயிற்று. அவ்வாண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் நகரைத் தாக்கின. யுத்த காலத்தில் வேலையும் கூலியும் பெருகின. கூலி பெருகும் காலத்தில் கடன் சுருங்கும் என எண்ணுவோர் துறைமுகப் பட்டினத்தை அறியாதோர். கூலி பெருகும்போதே கடன் கொடுப்போரும் பெருகுவர். ஏனெனில் நாளைய கூலி இன்றைய பிணை. 1957இல் தளம் கையளிக்கப்பட்டபின் அக்கூலி மறைந்தது. கொப்பிகளில் எழுதப்பட்ட தொகை மறையவில்லை.

இதற்கிடையில் அரசுகள் மூன்றாம் வழி ஒன்றை நாடத் தொடங்கியிருந்தன. 1930களின் பொருளாதார மந்தத்தில் சென்னை மாகாணத்தில் இராஜாஜி அமைச்சரவை 1938இல் கொண்டுவந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், 1937 ஒக்டோபர் 1ஆம் நாள்வரை நிலுவையிலிருந்த பழைய வட்டியைத் தள்ளுபடி செய்தது. முதலின் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தப்பட்டிருந்தால் கடன் தீர்ந்ததாகக் கொண்டது. இலங்கையில் அரசாங்க சபைக் காலத்திலே 1941ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கக் கடன் இணக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. கடன் இணக்க சபை இரு தரப்பாரையும் அழைத்துப் பேசித் தொகையையும் தவணையையும் தீர்மானிக்க உதவும். வர்த்தமானி அவமானம் இல்லை. உடைமை முழுவதையும் ஒப்புவிக்க வேண்டியதும் இல்லை. மெச்சத்தக்க ஏற்பாடே. ஆயினும் அச்சபையின் கண் காணியின் மீதே பதிந்திருந்தது. காணியை ஈடு வைத்தோ, மீட்பு நிபந்தனையோடு உறுதி எழுதிக் கொடுத்தோ பெற்ற கடனே அங்கு பேசப்பட்டது. காணியில்லாத வலையிழுப்பவனும், துறைமுகக் கூலியாளும் வாயிலுக்கு வெளியே நின்றனர். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபைகள் அவர்களையும் அழைத்தன எனலாம். ஆனால் அழைத்தது பெரும்பாலும் கடன் கொடுத்த நிறுவனங்களின் முறைப்பாட்டின் பேரிலேயே.

1990ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். வங்கிகள் கடனை விரைந்து அறவிடுவதற்கான சிறப்புச் சட்டங்கள் அவ்வாண்டில் இயற்றப்பட்டன. அவற்றுள் ஒன்றின்படி, வழக்கிடப்பட்ட கடனாளி தன் எதிர்வாதத்தைக் கூறுவதற்கே முதலில் நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறல் வேண்டும். கடன் தகவல் பணியகமும் அதே ஆண்டுச் சட்டத்தாலேயே அமைந்தது. கடன் தவறியவரின் பெயர் அதன் ஏட்டில் ஏறினால் வேறெந்த வங்கியும் கடன் தரத் தயங்கும். போலோ கண்ட வட்டம் மணலிலிருந்து ஏட்டுக்கு மாறிற்று என்று கூறத் தோன்றுகிறது. ஆனால் இவ்வட்டத்தைக் கீறும் கோல் ஒரு தரப்பாரின் கையில் மட்டுமே உள்ளது.

போரும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையும் தின்றது போக எஞ்சிய வாழ்வைக் கட்டியெழுப்ப, 2009இன் பின் கிழக்கிலே நுண்நிதி நிறுவனங்கள் பெருகின. ஈடாக வைக்கக் காணியுறுதி இல்லாத பெண்களுக்கு, ஒருவருக்கொருவர் பிணையாகக் குழு அமைத்துக் கடன் கொடுக்கப்பட்டது. தவணை தவறினால் அயல்வீட்டுப் பெண்ணே கேட்டு வருவாள். ஒரு நிறுவனத்தின் தவணையை மற்றொன்றின் கடனால் அடைப்பது வழக்கமாயிற்று. 2018இல் அரசு, வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களின் பெண்கள் பெற்ற 1,00,000 ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன்களுள், அவ்வாண்டு யூன் 30ஆம் நாளில் மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையிலிருந்தவற்றைத் தீர்க்க முன்வந்தது. திருகோணமலையும் அவற்றுள் ஒன்று. இங்கே கவனிக்கத் தக்கது யாதெனில், 165 ஆண்டுப் பழமையான வகையின்மைச் சட்டம் அப்பெண்களுள் எவருடைய பேச்சிலும் ஒரு வழியாக இடம்பெறவில்லை என்பதே. அரசன் மனமிரங்கினாலன்றி விடுதலை இல்லை என்ற பழைய நிலைக்கே சென்றோம்.

கடனட்டையின் கணக்கு இதனினும் நுட்பமானது. மாதம் நூற்றுக்கு 2 வீதம் வட்டி என்று கொள்வோம். ஒன்றும் செலுத்தாவிடில், ஒரு இலட்சம் ரூபா ஓராண்டில் ஏறக்குறைய 1,26,800 ரூபாவாகும். 35 மாதங்களில் இருமடங்காகும். தாமதக் கட்டணம் இதிற் சேரவில்லை. மாதந்தோறும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்துபவர் கடனைத் தீர்ப்பவரல்லர், அதனை வாடகைக்கு வைத்திருப்பவர். 2022 ஏப்பிரல் 8ஆம் நாள் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்திற்று. அவ்வாண்டு செப்தெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. திருகோணமலையில் மாதச் சம்பளம் பெறும் ஒருவர் அரிசிக்கும் எரிபொருளுக்கும் அட்டையை நீட்டியிருப்பாராயின், ஓராண்டுக்குள் அவர் வட்டத்துக்குள் நின்றிருப்பார். ஒரே தொகையாகப் பெரும்பகுதியைத் திரட்டக்கூடியவருக்கு இணக்கம் நல்வழி. நகையை அடகு வைத்து, சீட்டெடுத்துத் திரட்டுவாராயின் அவர் கடனை இடம் மாற்றுகிறாரேயன்றித் தீர்க்கவில்லை. சம்பளம் முழுவதும் வட்டிக்கே போதாதவருக்கு வகையின்மை மனுவே கணக்கின்படி சரியானது. பிணை நின்ற மைத்துனரோ நண்பரோ உண்டாயின் அதுவும் சிக்கலாகும். எட்வேர்ட் ஒஸ்ரினுக்கு நேர்ந்ததே அவருக்கும் நேரும்.

அதே ஏப்பிரல் 12ஆம் நாள் இலங்கை அரசு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. பாண்டி மன்னனைப் போலன்றி, வட்டத்துக்குள் நின்றவாறே பேரம் பேசிற்று. 2024 திசெம்பரில் சர்வதேச முறிகளை வைத்திருந்தோர் முதலில் 27 சதவீதத்தை விட்டுக்கொடுத்தனர். சேர்ந்திருந்த வட்டியிலும் ஒரு பகுதி குறைக்கப்பட்டது. இயலாமையை வெளிப்பட அறிவித்தல், கணக்கைக் காட்டல், குறைத்துத் தீர்த்தல் என்ற அம்மூன்று படிகளும் 1853ஆம் ஆண்டுச் சட்டம் தனிமனிதனுக்குக் காட்டிய படிகளே. 2023 நவம்பர் 14ஆம் நாள் உயர் நீதிமன்றம், முன்னாள் சனாதிபதிகள் இருவர் உள்ளிட்டோர் பொருளாதாரத்தைக் கையாண்ட முறையால் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினர் எனத் தீர்ப்பளித்தது. பழைய சட்டத்தின் மொழியிற் கூறின், அரசின் நொடிப்பு முதலாம் வகுப்பினதன்று.

வட்டி உயர்வும் விலையேற்றமும் வேறொருவர் செயலால் வந்து தாக்க, அட்டைக் கடனில் வீழ்ந்த திருகோணமலைச் சம்பளக்காரரின் நொடிப்பு எவ்வகையில் நோக்கினும் முதலாம் வகுப்பினதே. அவர் வங்கியின் கடிதத்தோடு கருமபீடத்தின் முன் நின்று, தவணையைச் சற்றே நீட்டித் தருமாறு கேட்டுக் கொண்டிருக்கிறார். அச்சான்றிதழைத் தரவல்ல மாவட்ட நீதிமன்றம் அதே நகரில்தான் இருக்கிறது.